இருபது முறை செய்தால் இருபது சோதனை ஆகுமா?



திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் புளியஞ்சோலை என்று ஓர் இடம் இருக்கிறது. மலைமேல் ஆகாய கங்கை அருவியாக விழும் அய்யாறு, காட்டுக்குள் பாறைகளுக்கிடையே இறங்கி வந்து இங்கேதான் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் குளிக்க வருவார்கள். பாறை மேல் சோற்று மூட்டை, தண்ணீருக்குள் குழந்தைகள், கரையில் பாட்டிமார் என்று இடமே கலகலப்பாக இருக்கும்.

மலையாற்றில் ஒரு தொல்லை உண்டு. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ மழை கொட்டியிருக்கும். கீழே குளிப்பவருக்கு அது தெரியாது. தண்ணீர் திடீரென்று ஏறும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படி வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவன் உயிரிழந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம்.

என்னிடம் இயற்பியல் படிக்கும் மாணவர்கள் நால்வர் இதற்காக ஒரு சிறு கருவி செய்தார்கள். ஒரு நீண்ட மூங்கில் கழி, அதில் இரண்டு உயரங்களில் தண்ணீரை உணரும் கம்பிகள், ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் பலகை, ஒரு மின்மணி, ஒரு சிவப்பு விளக்கு. தண்ணீர் கீழ்க் கம்பியைத் தொட்டால் மணி 30 விநாடி அடிக்கும்: "எச்சரிக்கை, கரையேறத் தயாராகுங்கள்" என்று பொருள். மேல் கம்பியைத் தொட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மணி விடாமல் அலறும்: "உடனே ஓடுங்கள்" என்று பொருள். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

"சோதித்தீர்களா?" என்று கேட்டேன்.

"இருபது தடவை சோதிச்சோம் சார். இருபது தடவையும் சரியா வேலை செஞ்சுது."

"எப்படிச் சோதித்தீர்கள்?"

"வாளியில கழிய நிறுத்தித் தண்ணி ஊத்தினோம் சார். முதல் மணி அடிச்சுது. அது நின்னதும் இன்னும் ஊத்தினோம். சிவப்பு விளக்கு எரிஞ்சுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவியோடு புளியஞ்சோலைக்குப் போனோம். ஆழமான ஒரு மடுவின் ஓரத்தில் நின்றுகொண்டு, "கழியை மெதுவாக இறக்காதே, சட்டென்று இறக்கு" என்றேன். ஒரு மாணவன் அப்படியே செய்தான். இரண்டு கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே நனைந்தன. எச்சரிக்கை மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. முப்பது விநாடி கழித்து, முதல் மணி அடித்து ஓய்ந்த பிறகே சிவப்பு விளக்கு எரிந்தது!

காரணம் எளிது. "மணியை 30 விநாடி அடி" என்று புரோகிராமில் எழுதியிருந்தார்கள். அந்த 30 விநாடியும் கம்ப்யூட்டர் மணி அடிப்பதிலேயே மூழ்கியிருந்தது. மேல் கம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியில் இந்தத் தவறு ஏன் தெரியவில்லை? ஏனென்றால் மணி நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகே அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். காட்டாறு அப்படிப் பொறுத்திருக்குமா? அந்த முப்பது விநாடி, ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறும் நேரம் அல்லவா?

மாணவர்கள் செய்தது இருபது சோதனை அல்ல. ஒரே சோதனையை இருபது முறை செய்தார்கள். இந்த வேறுபாட்டை நம் பள்ளிகளும் கல்லூரிகளும் சொல்லித்தரவே இல்லை என்பது என் குறை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விடை சரி, நேரம் தவறு

கணக்குப் போடும் கம்ப்யூட்டர் ஒரு நிமிடம் தாமதமாக விடை சொன்னால் நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். ஆனால் ராக்கெட்டைத் திருப்பும் கம்ப்யூட்டர், ரயில் சிக்னலை மாற்றும் கம்ப்யூட்டர், மருத்துவமனையில் கதிர்வீச்சை அளந்து கொடுக்கும் கம்ப்யூட்டர் ஆகியவை அப்படி அல்ல. வெளியுலகம் ஓடும் வேகத்திலேயே அவையும் ஓடவேண்டும். இத்தகைய அமைப்புகளை 'நிகழ்நேர' அமைப்புகள் என்கிறோம். இவற்றில் தாமதமாக வரும் சரியான விடையும் தவறான விடையே.

ஆகவே இவற்றைச் சோதிக்க, "என்ன கொடுத்தால் என்ன வரவேண்டும்?" என்று கேட்டால் மட்டும் போதாது. எப்போது கொடுத்தால், எவ்வளவு விரைவாகக் கொடுத்தால், எதற்குப் பின் எதைக் கொடுத்தால் என்றும் கேட்கவேண்டும். இப்படி ஒவ்வொரு கேள்வியையும் அதற்குரிய எதிர்பார்க்கும் விடையோடு முன்கூட்டியே எழுதிவைப்பதே சோதனை வகுத்தல். புரோகிராம் எழுதுவதைப் போலவே இதுவும் ஒரு தனிக் கலை. ஏன், ஒரு தனி விஞ்ஞானம் என்றே சொல்வேன்.

எட்டு விநாடிக் கதை

கனடாவில் தயாரான தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் இந்த இயந்திரத்திடமிருந்து அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பெற்றார்கள். அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தார்கள். முதலில் வந்த புகார்களின்போது இயந்திரத்தில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986இல் இரண்டு விபத்துகள் நடந்தன. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகர் விடவில்லை. இயந்திரத்தை இயக்கிய பெண்மணியோடு உட்கார்ந்து, அன்று அவர் தட்டிய விசைகளை அதே வரிசையில் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் பிழை அகப்பட்டது. கதிரின் வகையைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே திரும்பிப் போய்த் திருத்தினால், அந்தத் திருத்தம் திரையில் தெரியும். ஆனால் இயந்திரத்தின் உள்ளே முழுமையாகப் போய்ச் சேராது. உள்ளிருக்கும் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ 8 விநாடி பிடிக்கும். அந்த எட்டு விநாடிக்குள் திருத்தி முடித்தால்தான் ஆபத்து!

மெதுவாகத் தட்டிச் சோதித்தால் பிழை தலைகாட்டாது. பலமுறை செய்து கை பழகி, வேகமாகத் தட்டியவரிடமே அது வெளிப்பட்டது. என் மாணவர்கள் வாளிக்கருகில் பொறுமையாக நின்றதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பாருங்கள். கண்டுபிடித்தவர் ஓர் இயற்பியலாளர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு!

நம் ராக்கெட்டின் பாடம்

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட், ஐ.ஆர்.எஸ்.-1இ என்ற செயற்கைக் கோளைச் சுமந்துகொண்டு கிளம்பியது. முதல் கட்டம் நன்றாக வேலை செய்தது; இரண்டாம் கட்டமும் அப்படியே. இரண்டாம் கட்டம் பிரிந்த நேரத்தில் ராக்கெட்டுக்குப் பெரிய உலுக்கல் ஒன்று ஏற்பட்டது. அதைச் சமாளித்து ராக்கெட்டை நேர்ப்படுத்த வேண்டியது உள்ளிருந்த கம்ப்யூட்டரின் வேலை. அது முடியவில்லை. செயற்கைக் கோள் கடலில் விழுந்தது.

ஆராய்ந்தபோது, ராக்கெட்டின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் கட்டுப்பாட்டுப் புரோகிராமில் ஒரு பிழை தெரிந்தது. திருப்பும் கட்டளை குறிப்பிட்ட உச்ச அளவைத் தாண்டினால் மட்டுமே வெளிப்படும் பிழை அது. சாதாரணமாகப் பறந்திருந்தால் அது உறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.

உச்ச அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். 16 பிட் இடத்தில் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32767. அதோடு 1 கூட்டினால் 32768 வரவேண்டும். ஆனால் எழுத இடமில்லாததால் பல கம்ப்யூட்டர்களில் அது -32768 ஆகிவிடும்! "முழு பலத்தோடு வலப்பக்கம் திருப்பு" என்பது ஒரு நொடியில் "முழு பலத்தோடு இடப்பக்கம் திருப்பு" என்று மாறினால் வண்டி என்ன ஆகும்? 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் முதல் ஏரியன்-5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியதற்கும், பெரிய எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போனதே காரணம். அந்தப் புரோகிராம் பழைய ஏரியன்-4 ராக்கெட்டில் ஒழுங்காக வேலை செய்தது. புதிய ராக்கெட் இன்னும் வேகமானது. அதன் பாதையைக் கொடுத்து அந்தப் பகுதியை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நம் விஞ்ஞானிகள் பிழையைத் திருத்தினார்கள். 1994 அக்டோபர் 15 அன்று அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாக ஐ.ஆர்.எஸ்.-பி2 செயற்கைக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன?

"சார், சாத்தியமான எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் பிழையே இருக்காதே?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு 16 பிட் எண்ணுக்கு 65,536 மதிப்புகள் உண்டு. ஒரு புரோகிராம் அப்படிப்பட்ட மூன்றே எண்களை வாங்கிக்கொள்கிறது என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 28 கோடியே 15 லட்சம் மில்லியன் சோதனைகள் வரும். விநாடிக்கு ஆயிரம் சோதனை செய்தாலும் முடிக்க சுமார் 8,900 ஆண்டுகள் ஆகும்! இதில் நேரத்தையும் வரிசையையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் சோதிக்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் கழியை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, எல்லை. பிழைகள் பெரும்பாலும் எல்லைக் கோட்டின் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். ஆகவே தண்ணீர் கீழ்க் கம்பிக்குக் கீழே, கீழ்க் கம்பியைத் தொட்டும் தொடாமலும், இரண்டுக்கும் நடுவே, மேல் கம்பியைத் தொட்டும் தொடாமலும், மேல் கம்பிக்கு மேலே என்று 5 நிலைகள் போதும். நூறு உயரங்கள் வேண்டாம்.

இரண்டாவது, நேரம். தண்ணீர் மெதுவாக ஏறலாம், சட்டென்று ஏறலாம், அலையடித்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கலாம். இப்படி 3 விதம்.

மூன்றாவது, பழுது. கம்பி நன்றாக இருக்கலாம், சேறும் சருகும் படிந்திருக்கலாம், அறுந்தே போயிருக்கலாம். இதுவும் 3 விதம். பேட்டரி புதிதா, தீரும் தருவாயிலா என்பது 2 விதம்.

எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்தால் 5 × 3 × 3 × 2 = 90 சோதனைகள். ஒரு நாளில் செய்துவிடலாம். அதற்கும் நேரமில்லை என்றால், எந்த இரண்டு அம்சங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒரு முறையாவது வரும்படி 15 சோதனைகளிலேயே அடக்கிவிடலாம். இந்த 15 வரி அட்டவணையை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். நல்ல புதிராக இருக்கும். வாளிக்கருகில் செய்த இருபதைவிட இந்தப் பதினைந்து எவ்வளவோ மேல்.

"இதையெல்லாம் கம்ப்யூட்டரே தானாக உருவாக்கித் தராதா?" என்றும் கேட்கலாம். தரும். இன்று அதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. ஒரே இரவில் லட்சக்கணக்கான சோதனைகளை உருவாக்கி ஓட்டிப் பார்க்கின்றன. அவை மிகவும் பயனுள்ளவை. ஆனால் தண்ணீர், வேகம், கம்பி, பேட்டரி என்ற அந்த நான்கு அம்சங்களை யார் சொல்வது? ஒவ்வொரு சோதனைக்கும் எது சரியான விடை என்று யார் தீர்மானிப்பது? "கம்பி அறுந்தால் மணி அடிக்கவேண்டுமா, சும்மா இருக்கவேண்டுமா?" என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டரிடம் விடை இல்லை. அடிக்கத்தான் வேண்டும் என்பது உயிரின் அருமை தெரிந்த மனிதன் எடுக்கும் முடிவு.

அன்று புளியஞ்சோலையில் எங்களுக்கு டீ கொடுத்த அம்மாள் நாங்கள் செய்வதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க சார், தண்ணி கூடி வர்றப்ப ஆத்து இரைச்சல்ல நாம கத்திப் பேசினாலே கேக்காதே. இந்த மணி கேக்குமா?"

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தொண்ணூறிலும் இந்தக் கேள்வி இல்லை! கருவியைச் செய்தவரே சோதனையும் வகுத்தால், செய்யும்போது எதை மறந்தாரோ அதைச் சோதிக்கும்போதும் மறந்துவிடுவார். ஆற்றங்கரையில் வாழ்பவருக்குத் தெரிந்தது ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சோதனை வகுக்க வேறொரு ஆள் வேண்டும் என்பது இதனால்தான்.

நாமக்கல் மண்ணில் ஒரு நிலா

கொல்லிமலையின் மேற்பகுதி நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்களில் அனார்த்தோசைட் என்ற பாறை கிடைக்கிறது. நிலாவின் மேட்டு நிலங்களில் இருப்பதும் இதே வகைப் பாறைதான். பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் அடையாளம் காட்ட, இஸ்ரோ இந்தப் பாறையைப் பொடியாக்கிச் செயற்கை நிலா மண் தயாரித்தது. சுமார் 50 டன் மண் பெங்களூருக்குப் போனது. அதைப் பரப்பித்தான் நிலவில் இறங்கும் கலத்தின் கால்களையும் உலவு வண்டியையும் சோதித்தார்கள். அதாவது, நம் ஊர் மண் ஒரு சோதனைக் கேள்வியாக மாறியது!

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. இஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டி வந்தபோது, அவ்வளவு வேகமாகத் திரும்பவிடாமல் மென்பொருளில் வைத்த வரம்பு தடுத்தது. இதை இஸ்ரோவின் தலைவராக இருந்த சோமநாத் 2023இல் வெளிப்படையாக விளக்கினார். அடுத்த கலத்தை வடிவமைக்கும்போது, "எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும்?" என்பதோடு நிறுத்தாமல், "எது எது கெட்டாலும் எப்படி இறங்கும்?" என்று கேட்டார்கள். உணர்கருவி கெட்டால்? இஞ்சின் கெட்டால்? கணக்குத் தவறினால்? இப்படிக் கேள்விகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சோதனை வகுத்தார்கள். ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டு உணர்கருவிகளைச் சோதித்தார்கள். உயரமான கிரேனில் தொங்கவிட்டு, இஞ்சினும் மென்பொருளும் சேர்ந்து இயங்குவதைச் சோதித்தார்கள். விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் மெத்தென இறங்கியது.

நம் ரெக்கார்டு நோட்டு

இப்போது என் குறைக்கு வருகிறேன். ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் செய்முறை உங்களுக்குத் தெரியும். விடை 980 வரவேண்டும் என்று எல்லா மாணவரும் முன்பே தெரிந்துகொண்டுதான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறார்கள். 940 வந்தால் என்ன செய்கிறார்கள்? ரப்பரை எடுத்து அளவீட்டை அழித்து, 980 வரும்படி எண்களை மாற்றி எழுதுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் உண்மை மதிப்பு 978 அளவில்தான் என்பது வேறு விஷயம்! ஆசிரியர்களாகிய நாங்களும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன்.

பொருந்தாத அளவீட்டை அழிக்கும் பழக்கம், பதினைந்து வயதில் ஒரு சிறு பொய். அதே கை நாளைக்கு ரயில் சிக்னலுக்கோ, மருத்துவ இயந்திரத்துக்கோ புரோகிராம் எழுதும்போது, "ஒரு தடவைதானே கோளாறு வந்தது, விட்டுவிடு" என்று சொல்லும். தெராக் இயந்திரத்தின் எட்டு விநாடிப் பிழையும் அப்படி எப்போதோ ஒரு தடவை வந்த பிழைதான்.

எனவே என் யோசனை இது. செய்முறைத் தேர்வில் 5 மதிப்பெண்ணை ஒதுக்கிவையுங்கள். விடை சரியாக வந்ததற்கு அல்ல, "இந்தக் கருவி எப்போது தவறும்? தவறுகிறதா என்று பார்க்க என்னென்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு. பொருந்தாத அளவீட்டை அழிக்காமல் வட்டமிட்டுக் காட்டுபவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அறிவியல் கண்காட்சிகளில் ஒருவர் செய்த கருவியை இன்னொரு பள்ளி மாணவர் சோதிக்கட்டும். சண்டை வருமே என்கிறீர்களா? வரட்டும். கருவி நன்றாகும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை சோதனை செய்தாலும் பிழை இருக்கிறது என்று காட்ட முடியுமே தவிர, பிழையே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் பிழை வந்தாலும் உயிர் போகாத வகையில் கருவியை அமைப்பதும் அவசியமாகிறது.

எங்கள் மாணவர்கள் புரோகிராமை மாற்றி எழுதினார்கள். இப்போது மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் கம்ப்யூட்டர் விநாடிக்குப் பத்து முறை இரண்டு கம்பிகளையும் பார்க்கிறது. கம்பி அறுந்தால் மணி அடிக்கிறது. மின்மணிக்குப் பதில் பெரிய ஒலிப்பான் வைத்திருக்கிறார்கள். கூடவே தூரத்திலும் தெரியும் ஒரு சுழல் விளக்கு. தொண்ணூறு சோதனைகளும் நடந்தன, ஏழில் தோற்றது. அந்த ஏழையும் அழிக்காமல் நோட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

மழைக்காலத்தில் மறுபடியும் புளியஞ்சோலைக்குப் போகப் போகிறோம். ஆறு எங்களிடம் புதிதாக என்ன கேட்கும் என்று இப்போதே சொல்ல முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? தோன்றினால் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். தொண்ணூற்றொன்றாவது சோதனை உங்களுடையதாக இருக்கட்டும்!